பெயர் தாங்கிய கிதார்



நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பித்தளைக் குடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் கழுத்தோரத்தில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டப்பட்டிருக்கும். சீர் கொடுத்தவரின் பெயராக இருக்கலாம். சீர் பெற்ற பெண்ணின் பெயராக இருக்கலாம். சில குடங்களில் நாளும் ஆண்டுங்கூட இருக்கும். ஐம்பது ஆண்டு கழிந்த பின்னும், இஃது இன்னார் திருமணத்திற்கு வந்த குடம் என்று சொல்லிவிடலாம். ஆனால், அக்குடத்தைத் தட்டித் தட்டி உருவாக்கிய கன்னாரின் பெயர் அதில் இராது. உடையவர் பெயர் நிற்கிறது. செய்தவர் பெயர் நிற்பதில்லை. இவ்வழக்கம் சரிதானா என்பதை ஓர் இசைக்கருவியின் வாயிலாக ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

அக்கருவி கிதார். மின்விசையின் துணையின்றி, மரப்பெட்டியின் உட்குடைவினாலேயே ஒலி பெருகும் ஆறு தந்திக் கிதாரைத்தான் சொல்லுகிறேன். அவற்றுள் ஒருவகை உண்டு. புகழ் பெற்ற இசைவாணர் ஒருவரின் பெயரைச் சூட்டி, அவர் விரும்பிய அளவிலும் அமைப்பிலும் செய்து, அவர் கையொப்பத்தையும் உள்ளே பதித்து, 'இத்தனைதான் செய்வோம்' என்று எண்ணிக்கையை வரையறுத்து விற்பார்கள். இவ்வகைக் கிதாரைத் தேடி அலைவோர் உலகெங்கும் இருக்கின்றனர். நம் தமிழ்நாட்டு இளைஞருள்ளும் சிலர் இருக்கின்றனர். ஊருக்கு ஒருவர் இருவர் என்ற அளவில் இருப்பதால், வீட்டார் இவர்களைப் பார்த்து நகைப்பதுண்டு. நகைப்பதற்கு முன் இத்தேட்டத்தின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

செருமனி நாட்டுச் சாக்சனிப் பகுதியில் 1796-இல் பிறந்த மார்ட்டின் என்னும் கிதார்த் தச்சர் 1833-இல் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் தொழில் தொடங்கினார். பின்னர் அவர் குடும்பம் பென்சில்வேனியாவிலுள்ள நாசரேத் என்னும் ஊரில் நிலைகொண்டது. அங்கே அவர் பெயரால் அமைந்த நிறுவனம் 1898 முதல் ஒவ்வொரு கிதாருக்கும் வரிசையெண் இடத் தொடங்கியது. முதலெண் 8000. சிறு செய்தியாகத் தோன்றும் இதுவே பிற்காலத்தில் பெரும்பயன் அளித்தது. எந்தக் கிதார் எந்த ஆண்டில் பிறந்தது என்பதை அவ்வெண்ணைக் கொண்டே இன்றும் அறியலாம்.

1920-களின் பிற்பகுதியில் கிப்சன் என்னும் மற்றொரு நிறுவனம் நிக் லூக்கஸ் என்ற பாடகரின் பெயரால் ஒரு கிதார் வகையை வெளியிட்டது. கலைஞர் பெயர் தாங்கிய கிதார்களுள் முதலாவதாக அதனைப் பலரும் குறிப்பிடுவர். 1928-இல் மார்ட்டின் நிறுவனம் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற பாடகருக்காகச் செய்த கிதாரின் மெட்டுப் பலகையில் அவர் பெயர் பதிக்கப்பட்டது. அதன் பின்பலகையில் 'நன்றி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் தலைகீழாக எழுதப்பட்டிருந்தது. பாட்டு முடிந்ததும் அவர் கிதாரைத் திருப்பிக் காட்டுவார். அவையோர் அச்சொல்லை நேராகப் படிப்பர். 1933-இல் ஜீன் ஆட்ரி என்ற நடிகருக்காகச் செய்த பெரிய கிதார் 'டி-45' என்னும் வகைக்கு மூலமாயிற்று. 1942 வரை அவ்வகையில் செய்யப்பட்டவை 91 மட்டுமே. விலை மிகுதியும் உலகப் போரும் அவ்வெண்ணிக்கையை வரையறுத்தன. ஒருவரும் திட்டமிட்டு வரையறுக்கவில்லை.

1995-இல் செய்ததோ வேறு வகை. எரிக் கிளாப்டன் என்னும் ஆங்கிலேய இசைவாணரின் பெயரால் அந்நிறுவனம் '000-42 இசி' என்ற கிதாரை வெளியிட்டபோது, 461 கிதார்கள் மட்டுமே செய்வதென்று முடிவு செய்தது. ஏன் 461? அவர் 1974-இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரில் அவ்வெண் வருகிறது. புளோரிடாவில் அவர் தங்கியிருந்த ஒரு வீட்டின் கதவிலக்கம் அது! மரம் போதாமையாலும் அன்று, தச்சர் போதாமையாலும் அன்று. ஒரு வீட்டின் கதவிலக்கமே அருமையை உண்டாக்கிற்று. வணிகரின் நுண்ணறிவை வியக்கத்தான் வேண்டும். அருமை இருவகைப்படும் என்பதை மாணவர்க்குக் கற்பிக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. 91 என்பது காலம் செய்த அருமை. 461 என்பது கணக்கு செய்த அருமை.

திருவில்லிபுத்தூர், இராசபாளையம் என்ற இரண்டு ஊர்களின் பெயரையும் சொல்லியே இடம் காட்ட வேண்டிய சிற்றூர் எங்கள் வன்னியம்பட்டி. இங்கே ஓய்வு பெற்றுத் தங்கியிருக்கும் எனக்குக் கிதாரோடு என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். என்னிடம் படித்த மாணவர் ஒருவர் பெங்களூரில் பொறியாளராகப் பணியாற்றுகிறார். ஆடிப்பூரத் தேருக்கு ஊர் வரும்போதெல்லாம் என்னைக் காண வருவார். முன்சொன்ன 461-இல் ஒன்றை அடைய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அவர் தேடிய முறையை அவர் வாய்மொழியாகவே கேட்டறிந்தேன். வரலாற்று மாணவன் கல்வெட்டைத் தேடும் முறைக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை.

எங்களுக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரின் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்கு மதிப்பு ஏறினால் போலியும் பின்னாலேயே வரும். வேறெங்கோ காய்ச்சிய பால்கோவாவும் அப்பெயரைச் சூடிக்கொண்டு விற்பனைக்கு வருவதுண்டு. கிதாரும் அவ்வாறே. ஆதலால், தேடுவோர் மூன்று சான்றுகளை ஒருங்கே பார்க்க வேண்டும்.

முதற்சான்று, உட்கட்டை. கிதாரின் கழுத்தும் உடலும் கூடுமிடத்தில் உள்ளே ஒரு மரக்கட்டை இருக்கும். ஒலித்துளையின் வழியே ஒரு சிறு கண்ணாடியையும் விளக்கையும் செலுத்தினால் அதன்மேல் அழுத்திய வகைப்பெயரும் வரிசையெண்ணும் தெரியும். இரண்டாஞ்சான்று, உள்ளே ஒட்டிய சீட்டு. அதில் கையொப்பமும், மொத்தத்தில் இஃது எத்தனையாவது என்ற எண்ணும் இருக்கும். மூன்றாஞ்சான்று, கருவியின் அணிவேலை. இம்மூன்றும் ஒன்றையொன்று மறுக்காமல் இருந்தால்தான் நம்பலாம். சீட்டை மட்டும் நம்புகிறவர், உறையைப் பார்த்துக் கடிதத்தை நம்பியவர் ஆவார்.

என் மாணவருக்கு முதலில் வாய்த்தது அத்தகைய ஒன்றே. வெளியூர் விற்பனையாளர் ஒருவர், தம்மிடம் அக்கிதார் இருப்பதாகக் கூறிப் படங்களை அனுப்பினார். சீட்டில் கிளாப்டனின் பெயர் இருந்தது. விலையும் மலைக்கத்தக்கதாக இருந்தது. இவர் உட்கட்டையின் படத்தைக் கேட்டார். பல நாள் கழித்து வந்த படத்தில் 42 என்ற எண் இல்லை, 28 என்றிருந்தது. அதே இசைவாணரின் பெயரால் பிற்பாடு வரையறையின்றிச் செய்யப்பட்ட வேறொரு வகை அது. மேற்பலகையைச் சுற்றி ஒளிரும் சிப்பி இழைக்கப்பட்டிருப்பது 42-ஆம் வகை. மீன்முள் போன்ற மரக்கோலம் ஓடுவது 28-ஆம் வகை. படத்தில் இருந்தது மீன்முள்ளே. விற்றவர் அறிந்து செய்தாரோ அறியாமற் செய்தாரோ, கேட்டவர் அறிந்திருந்ததால் பொருள் தப்பியது.

ஈராண்டு கழித்து உண்மையான கிதார் ஒன்று கிடைத்தது. அதன் நிலையோ இரங்கத்தக்கது. வாங்கியவர் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, இரும்பு அலமாரியின் மேல் பல கோடைகள் விட்டிருந்தார். தந்திகளைத் தளர்த்தவுமில்லை. ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையோடு மேற்பலகையை இழுக்கின்றன. அப்பலகையோ மூன்று மில்லிமீட்டர் அளவே தடித்தது. வெப்பத்தில் பசை இளகி, குதிரை பின்புறம் பெயர்ந்து நின்றது. பலகையும் சற்று உப்பியிருந்தது. சீட்டும் கையொப்பமும் மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. பெயர் நலமாக இருந்தது, கிதார் நோயுற்றிருந்தது.

அதற்குரிய குறைந்த விலையில் அதனை வாங்கிய என் மாணவர், பெங்களூரில் கருவி பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றார். அவர் குதிரையை முற்றும் எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, பலகையை மெல்லப் பதப்படுத்தி, மீண்டும் பொருத்த ஒரு மாதத்திற்கு மேலாயிற்று. கிதார் பாடிற்று. அதன்பின் என் மாணவர் ஒரு செயல் செய்தார். அம்முதியவரின் பெயர், ஊர், செய்த வேலை, நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, அவர் கையொப்பத்தையும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். "ஐயா, இத்தனை ஆண்டுத் தொழிலில் என்னிடம் கையெழுத்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தாம்" என்றாராம் அம்முதியவர். என்னை இப்பேச்சு எழுதத் தூண்டியது அச்சொல்லேயாகும்.

ஏனெனில், பெயர் தாங்கிய கிதார் என்கிறோமே, அது யாருடைய பெயரைத் தாங்குகிறது? வாசிப்பவரின் பெயரைத் தாங்குகிறது; நிறுவனத்தின் பெயரைத் தாங்குகிறது. மரத்தை இழைத்து, பலகையைத் தட்டிப் பார்த்து, ஒலியைக் காதால் அளந்து செய்தவரின் பெயர் சீட்டில் முன்னிற்பதில்லை. கிளாப்டன் தம் கையால் வாசித்த, 1939-இல் செய்யப்பட்ட கிதார் 2004-இல் நியூயார்க் ஏலத்தில் 7,91,500 டாலருக்கு விலைபோயிற்று. அவர் 1998-இல் ஆண்டிகுவாத் தீவில் நிறுவிய போதைநோய் மருத்துவ இல்லத்திற்கு அந்த ஏலம் உதவியது. கர்ட் கோபேன் 1993-இல் மேடையில் வாசித்த 1959-ஆம் ஆண்டு மார்ட்டின் கிதார் 2020-இல் ஏறத்தாழ 60 லட்சம் டாலருக்கு விற்றது. அவ்வகையில் செய்யப்பட்டவை 302. அது அவற்றுள் ஏழாவது. மற்றவற்றையும் செய்தவர்கள் அதே பட்டறைத் தச்சர்களே. விரல் பட்டதால் வந்த விலை அது. உளி பட்டதற்கு விலை வேறு.

செய்தவனின் உழைப்பு எவ்வளவு எளிதில் மறைந்துபோகும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2015-இல் வெளிவந்த 'தி ஹேட்புல் எய்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்திற்காக, மார்ட்டின் அருங்காட்சியகம் 1870-களைச் சேர்ந்த கிதார் ஒன்றை இரவல் கொடுத்தது. உடைப்பதற்கென்று நகல்கள் செய்து வைத்திருந்தார்கள். நடிகர் அறியாமல் உண்மைக் கிதாரையே அடித்து நொறுக்கிவிட்டார். உடனிருந்த நடிகை அலறியது நடிப்பன்று. இனித் திரைப்படங்களுக்கு இரவல் இல்லை என்று அருங்காட்சியகம் அறிவித்தது. காப்பீட்டுத் தொகை கிடைக்கலாம்; நூற்றைம்பது ஆண்டுக்கு முன் வாழ்ந்த தச்சனின் கைவேலை மீண்டும் கிடைக்குமா?

இனி, மரத்தைப் பற்றி ஒரு சொல். உயர்ந்த கிதார்களின் பின்பலகைக்குப் பிரேசில் நாட்டுத் தோதகத்தியைப் பயன்படுத்தி வந்தார்கள். அது கிடைப்பது அரிதாகவே, 1969-இன் இறுதியில் மார்ட்டின் நிறுவனம் இந்தியத் தோதகத்திக்கு மாறியது. அதனை ஈட்டி என்றும் சொல்லுவோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளுக்கு உரிய மரம். என் வீட்டுத் திண்ணையிலிருந்து மேற்கே பார்த்தால் நீலமாய்த் தெரிவதும் அம்மலைத் தொடரே. 1995-ஆம் ஆண்டின் அந்த 461 கிதார்களின் பின்பலகையும் இந்தியத் தோதகத்திதான். நம் நாட்டு மரம் கடல் கடந்து சென்று, ஓர் ஆங்கிலேயர் பெயரைத் தாங்கிக்கொண்டு, பன்மடங்கு விலையோடு நம் இளைஞரிடம் திரும்பி வருகிறது! தோதகத்தியைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017-இல் அவ்வினம் முழுவதும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் மரத்துக்கோ 1992 முதலே கடுமையான தடை உண்டு. ஆகவே, பழைய கிதார் வாங்குவோர் அதன் மரம் எது என்பதையும் கேட்டறிய வேண்டும். அதுவும் கருவியின் பிறப்புச் சான்றே.

நம்மவர் இவ்வகையில் எப்படி இருந்தோம் என்று பார்ப்போம். பொருநராற்றுப்படை யாழின் பத்தரையும் கோட்டையும் திவவையும் உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. அவ்வருணனையைத் துணையாகக் கொண்டே விபுலானந்த அடிகள் யாழின் இலக்கணத்தை ஆராய்ந்து 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். யாழை வாசித்த பாணரைப் பாட்டு அறியும். பரிசளித்த மன்னரைப் பாட்டு அறியும். யாழ் செய்த தச்சனை அது பாடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரின் பெயரால் வழங்கும் வீணையமைப்பு உண்டு. 24 மெட்டுகள் கொண்ட இன்றைய தஞ்சை வீணைக்கு அதுவே முன்னோடி என்பர். அமெரிக்கர் நிக் லூக்கஸ் பெயரைச் சூட்டுவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நாம் கருவிக்கு ஆள் பெயரைச் சூட்டிவிட்டோம் என்று பெருமை கொள்ளலாம். ஆயினும், அதுவும் மன்னர் பெயர்தான். பலாமரத்தைக் குடைந்தவன் பெயரன்று.

இதற்கு விலக்காக ஒளிவிடும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையே நரசிங்கம்பேட்டை என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஆச்சா மரத்தில் நாகசுவரம் செய்கிறார்கள். பல்லாண்டு காய்ந்து இறுகிய மரம் வேண்டுமென்று, பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் விட்டங்களையும் தூண்களையும் தேடி வாங்குவார்கள். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை, 1956-இல் மறைந்த அந்த மேதை, குட்டையான திமிரி நாயனத்தில் தாம் விரும்பியவாறு சுத்த மத்திமம் அமையவில்லை என்று கருதினார். அக்குறையைத் தீர்க்க நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி பலமுறை முயன்று, நீண்ட பாரி நாயனத்தை உருவாக்கினார். வாசிப்பவரின் செவியும் செய்பவரின் கையும் கூடிப் பிறந்த கருவி அது. கிதார் நிறுவனங்கள் எதைக் கையொப்பக் கருவி என்று விளம்பரம் செய்கின்றனவோ, அதன் மெய்யான பொருள் இதுவேயன்றோ? இங்கே இருவர் பெயரும் சேர்ந்தே நினைக்கப்படுகின்றன. எண்ணிக்கை வரையறை எதுவும் வைக்கவில்லை. பிற்காலத்து நாகசுவரக் கலைஞர்களும் அவ்வழிக் கருவியையே கையிலேந்தினர்.

தஞ்சை வீணை 2013-இலும், நரசிங்கம்பேட்டை நாகசுவரம் 2022-இலும் புவிசார் குறியீடு பெற்றன. மகிழத்தக்கதே. ஆனால், புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். ஆளின் பெயரைக் காவாது. ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணையை வீட்டில் வைத்திருப்போர் பலரிடம் அதைச் செய்தவர் யாரென்று கேட்டால், "தஞ்சாவூரில் வாங்கியது" என்பார்கள். பாட்டி வாசித்த வீணை என்று பாட்டியின் பெயர் சொல்வார்கள். பித்தளைக் குடத்திற்கு நேர்ந்ததே வீணைக்கும் நேர்ந்தது.

ஆதலால், கருவி தேடும் இளைஞர்க்கும், கருவி வைத்திருக்கும் குடும்பத்தார்க்கும் சில சொல்லி முடிக்கிறேன்.

அரிய கிதாரை வாங்குவது தவறன்று. வாங்குவதற்குமுன் அதன் எண்ணை நோக்குங்கள். அதன் ஒலியையும் கேளுங்கள். ஒலி உங்களுக்குப் பிடிக்காவிடில், எந்தக் கையொப்பமும் அதைப் பிடிக்கச் செய்யாது. வாங்கிய பின் நாள்தோறும் சிறிது நேரமேனும் வாசியுங்கள். எங்கள் பகுதி போன்ற வெப்பமான ஊர்களில் மேற்குச் சுவரில் தொங்கவிடாதீர்கள். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது மரத்துக்கு நலம். நெடுநாள் வெளியூர் செல்வதானால் தந்தியைச் சிறிது தளர்த்திச் செல்லுங்கள். வாங்கிய நாள், கொடுத்தவர், பழுதுபார்த்தவர் ஆகிய விவரங்களை ஒரு சிறு ஏட்டில் எழுதிப் பெட்டியிலேயே வையுங்கள். உங்களுக்குப் பின் அக்கருவி வேறொருவர் கைக்குப் போகும்போது, அவ்வேடு அதனுடன் போகட்டும்.

வீட்டில் வீணையோ நாகசுவரமோ மிருதங்கமோ இருக்குமாயின், அதைச் செய்தவர் யாரென்று முதியோரிடம் இன்றே கேளுங்கள். அவர்களுள் யாரேனும் ஒருவருக்கு அது நினைவிருக்கக்கூடும். நாளை அந்நினைவு இராது. கேட்டதை எழுதி வையுங்கள். புதிதாக வாங்குவோர் பணத்தைக் கொடுக்கும்போது, "உங்கள் பெயரையும் ஆண்டையும் உட்புறத்தில் எழுதிக் கொடுங்கள்" என்று ஆசாரியாரிடம் கேளுங்கள். ஒரு வரிதான், செலவு ஒரு காசும் இல்லை. நாசரேத்து நிறுவனம் 1898-இல் இட்ட ஓர் எண், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் உண்மையைக் காட்டுகிறது. நம் தச்சர் எழுதும் ஒரு வரி, அவர் பேரப்பிள்ளைகள் காலத்தில் என்னென்ன காட்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். தொழிலை விட்டுவிடலாமா என்று தயங்கி நிற்கும் அவர் மகனுக்கும், தந்தையின் பெயர் வெளியூர் வீடொன்றில் படிக்கப்படுகிறது என்னும் செய்தி ஓர் ஊக்கமாகும்.

வாசித்தவர் பெயரை உலகம் தானே நினைவில் வைத்துக்கொள்ளும். செய்தவர் பெயரை வாங்கியவர்தாம் காப்பாற்ற வேண்டும்.